பாட்டில் வரும் ‘நான்’

“பாட்டுல வர்ற ‘நான்’ வேற, பாடுறவன் வேற சார். மொதல்ல அதப் புரிஞ்சிக்கணும்” என்றாள் மாதங்கி.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். மேஜைமேல் பிளாஸ்டிக் உறைக்குள், அந்தப் பாட்டைப் பாடிய ஆண்டனியின் செல்போன் இருந்தது. அதன் ஓரமெல்லாம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. வயலில் விரட்டிப் பிடித்துத்தான் பிடுங்கியிருப்பார்கள் என்று மாதங்கி நினைத்துக்கொண்டாள்.

மாதங்கி தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். ராப் பாட்டு எப்படி வாதாடுகிறது, எப்படி ஊரைக் கேள்வி கேட்கிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அதைப் பற்றிப் பேப்பரில் பேட்டி வந்த பிறகு கல்யாண வீடுகளில்கூட அவள் ‘ராப் டீச்சர்’தான்.

சீர்காழிக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றிலிருந்து, ஒரு பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல வர முடியுமா என்று முந்தின நாள் போன் வந்தது. மறுநாளே பஸ் ஏறிவிட்டாள். பாடியதற்காக ஒரு பையன் ஜெயிலுக்குப் போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஸ்டேஷன் வாசலிலேயே ஆண்டனியின் அப்பா குழந்தைராஜ் கும்பிட்டார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க டீச்சர். உங்களத்தான் நம்பியிருக்கேன்” என்றார். அவர் கையைப் பிடித்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள்.

கம்ப்யூட்டரில் பாட்டை மறுபடி ஓடவிட்டார்கள். இறால் பண்ணையின் உப்புத் தண்ணீர் இறங்கி வயல்கள் பாழான கதை. பண்ணை முதலாளியைப் பேர் சொல்லியே கூப்பிட்டிருந்தான் ஆண்டனி.

உப்ப எறக்கி விட்டான் வாய்க்காலுக்குள்ள
உசுரு கருகிப் போச்சு நெல்லுக்குள்ள
கேள்வி கேட்டதுக்குக் கைய முறுக்குனான் நேத்து
குட்டையில அமுக்குவான் நாளைக்கு ஆளு பாத்து

பையன் கெட்டிக்காரன். தன் வகுப்பில் இப்படி ஒருத்தன் இல்லையே என்று மாதங்கிக்கு ஏக்கமாகக்கூட இருந்தது.

“கைய முறுக்குனாரு, அமுக்குவேன்னு மெரட்டுனாருன்னு வருதே மேடம். இதெல்லாம் நடந்ததா எடுத்துக்கலாமா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவதூறு கேஸுக்கு அடி போடுகிறார் என்று அவளுக்குப் பட்டது. நடந்தது என்று சொன்னால், எங்கே நிரூபி பார்க்கலாம் என்று பையனின் கழுத்தைப் பிடிப்பார்கள். முதலாளிக்கும் அதுதானே வேண்டும்.

வகுப்பில்கூட அவள் அவ்வளவு உருகிப் பேசியதில்லை. எதிரியைப் பூதாகாரமாக்குவது, அடிபட்டவன் இடத்தில் தன்னை நிறுத்திக்கொள்வது, தன் சாவைத் தானே முன்கூட்டிப் பாடுவது, எல்லாமே ராப்பில் ஆரம்பத்திலிருந்து இருக்கிற உத்திகள் என்றாள். ஊரார் கோபத்தை ஒருவன் தன் வாயில் வாங்கிப் பாடுகிறான், அதைப் போய் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றாள்.

“அப்ப கற்பனைங்கிறீங்க?”

“கற்பனைதான் சார்.”

ரைட்டர் அதை அப்படியே எழுதி நீட்டினார். மாதங்கி கையெழுத்துப் போட்டாள். இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கியதில்லை என்று சொல்லி இன்ஸ்பெக்டர் டீ வரவழைத்தார். போலீஸ்காரர் ஒருவர் இலக்கியத்துக்கு இத்தனை சீக்கிரம் தலை வணங்கியது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் குழந்தைராஜ் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வேகமாக வந்து, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

“பயப்படாதீங்க. பாட்டுல இருக்கறது அத்தனையும் கற்பனைன்னு எழுதிக் குடுத்துட்டேன். இனிமே உங்க பையன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

உள்ளே இன்ஸ்பெக்டர் யாரிடமோ போனில் சிரித்துப் பேசுவது ஜன்னல் வழியே கேட்டது.

“குட்டையிலேருந்து எடுத்து அவன அடக்கம் பண்ணியாச்சு டீச்சர்” என்றார் குழந்தைராஜ். “அந்தப் பாட்டு ஒண்ணுதான் சாட்சியா இருந்துச்சு.”