கறுப்பாகவே நின்ற திரை

மூன்றாவது தடவையும் திரை கறுப்பாகவே நின்றது. இயக்குவதற்கு எந்த டிஸ்க்கும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி.

கொம்பியூட்டரைத் திருத்த வந்திருந்த தனோஜன் வயர்களை ஒருதரம் அழுத்திப் பார்த்தான்.

"என்ன தம்பி, வருமோ?" வீட்டுக்காரர் பொன்னம்பலம் அவனுடைய தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார். "நாலு மணிக்குப் பொலிஸ் வந்திடும். நானெல்லோ வரச் சொன்னனான்."

"வரும் ஐயா. கொஞ்சம் பொறுங்கோ."

வாய்தான் சொன்னது. வரவேண்டும் என்று தான் விரும்புகிறானா என்பது அவனுக்கே தெரியவில்லை.

முந்தநாள் இரவு முகத்தைத் துணியால் கட்டிய ஒரு கூட்டம் கோப்பாயின் இந்த ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்தது. எதிர்வீட்டுத் தம்பிராசாவின் மகனை வாளால் வெட்டிவிட்டுப் போனது. அந்தப் பெடியனின் வலது கை இனி அசையுமா என்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இன்னும் சொல்லவில்லை.

ஒழுங்கையைப் பார்த்தபடி கமரா வைத்திருந்தது பொன்னம்பலத்தின் வீட்டில் மட்டும்தான். அது பிடித்ததெல்லாம் இந்தக் கொம்பியூட்டருக்குள் இருந்தது.

பழைய டிஸ்க் சாகக் கிடந்தது. தனோஜன் நேற்றுக் காலை அதை மட்டும் கழற்றித் தன் கடைக்குக் கொண்டுபோய், இருந்ததையெல்லாம் எஸ்.எஸ்.டி என்ற புதுவகை டிஸ்க் ஒன்றுக்கு மாற்றினான். வேண்டுமென்றே எந்தப் படத்தையும் திறந்து பார்க்கவில்லை. மாற்றி முடிந்த கையோடு பழையது செத்தே போனது.

அவனுடைய கடைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அப்படியொரு சாமானை இரவு அங்கே வைத்திருக்க அவனுக்குத் துணிவில்லை. நேற்றுப் பின்னேரமே கொண்டுவந்து, பொன்னம்பலத்தின் மனைவி பராசக்தியின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

இன்று பூட்டினால், இல்லை என்கிறது.

அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தான். பட்டியலில் எஸ்.எஸ்.டியின் பெயரே இல்லை.

ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனது. தனோஜனின் கையிலிருந்த திருப்புளி நிலத்தில் விழுந்தது.

பொன்னம்பலம் சிரித்தார். "உம்மை வெட்டி அவங்கள் என்னத்தைக் காணப்போறாங்கள்? வேலையைப் பாரும்."

அவன் எஸ்.எஸ்.டியைக் கழற்றி வெளியே எடுத்தான். சூயிங்கம் துண்டளவு பலகை. முனையில் வரிசையாக, மின்தொடர்புக்கான பொன்நிறப் பற்கள்.

வாசம் வந்தது. சந்தனம்.

பற்களின் மேல் மஞ்சளாகக் காய்ந்து, பொருக்காகப் பிடித்திருந்தது.

பராசக்தி தேத்தண்ணியோடு வாசலில் நின்றாள். "புதுச்சாமான் எண்டால் சாமிப்படத்துக்கு முன்னாலை வைச்சுப் பொட்டு வைக்கிறதுதானே. துடையாதையும் தம்பி."

"உவளோடை பெரிய கரைச்சல்!" பொன்னம்பலம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "புதுக் கிரைண்டருக்கும் உப்பிடித்தான் பூசினவள். ஒரு கிழமையாய் சம்பலெல்லாம் சந்தனம் மணந்தது."

தனோஜனும் சிரித்தான். பொட்டுக்கு ஒரு விரல் போதும். இது இரண்டு பக்கமும் தடிப்பாக அப்பிக் கிடந்தது. பக்தி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அழிறப்பரால் பற்களைத் தேய்த்துத் துடைத்து, திரும்பச் செருகி, பொத்தானை அழுத்தினான்.

திரையில் வெளிச்சம் வந்தது. முந்தநாள் இரவுப் பதிவைத் திறந்தான்.

படம் இரண்டு பாதியாக விரிந்தது. இடப்பக்கம் ஒழுங்கை. வலப்பக்கம், இன்னொரு கமராவில், இந்த வீட்டின் முன்கதவு.

இடப்பக்கத்தில் வெளிச்சங்கள் வந்தன. துணி கட்டிய முகங்கள் எதிர்வீட்டு மதிலைத் தாண்டிக் குதித்தன. தனோஜன் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மோட்டார் சைக்கிள்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன.

"முகம் தெரியுதோ? நல்லாய்ப் பாரும். அந்தப் பிள்ளையின்ரை கையை வெட்டினவங்களை விடக்கூடாது."

"ஒருத்தற்றை முகமும் தெரியேல்லை ஐயா."

சொன்னபோது தன் நெஞ்சுக்குள் ஏதோ இளகியதை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. முகம் இல்லை. இனிப் பழிவாங்கவென்று கடையைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள்.

அப்போது வலப்பக்கம் அசைந்தது.

ஒருவன் மட்டும் படலையைத் திறந்துகொண்டு உள்ளே ஓடி வந்தான். கையில் வாள். வந்தவன் கதவைத் தட்டிவிட்டு, மூச்சு வாங்கியபடி முகத்துத் துணியைக் கீழே இழுத்தான்.

யதுசன். இந்த வீட்டின் ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் தனோஜனோடு ஒரே வாங்கில் இருந்தவன்.

கதவு திறந்தது. பராசக்தி வெளியே எட்டி ஒழுங்கையை ஒருதரம் பார்த்தாள். மகனின் கையிலிருந்த வாளை வாங்கித் தன் சேலைத் தலைப்பில் சுற்றினாள். அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

திரையில் வெறும் முற்றம்.

தனோஜன் திரும்பிப் பார்த்தான். வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றவள் திரையைப் பார்க்கவேயில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே பொலிஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது. "ஐயா, வீட்டுக்காரர்!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

பொன்னம்பலத்தின் கை தனோஜனைத் தாண்டிப் போய்ச் சுவரிலிருந்த கொம்பியூட்டரின் சுவிச்சை அணைத்தது.

"தம்பி..." அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "உது வேலை செய்யேல்லை. என்ன?"