டவர் இல்லாத நாடு

"அந்த நாட்டுல டவர் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் கம்ப்ளைன்ட் அக்கா.

டிராவல்ஸ்காரர் குழம்பிப் போனார். டவர் இல்லை என்றால் சண்டைக்கு வருகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும்.

"நல்ல பீச் இருக்கு மேடம். வருஷம் பூரா வெயில். சாயந்திரம் நாலு மணிக்கு டாண்ணு மழை. ஆமை முட்டை போடறதைப் பக்கத்துலயே உக்காந்து..."

"ஆமை கிடக்கட்டும். போன் எடுக்குமா?"

"எடுக்காது. இருந்த ஒரு டவரும் விழுந்து மூணு வருஷமாச்சு. படகே பத்து நாளைக்கு ஒரு தடவைதான்."

"போடுங்க டிக்கெட்டை!" என்று மேசையைத் தட்டினார் கூட வந்திருந்த பெரிய மெக்கானிக்.

டிக்கெட் அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய மேனேஜருக்கு. லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் அவருக்கு முப்பது வருடம் முடிந்துவிட்டது. முதலாளி சந்தோஷப்பட்டு வெளிநாட்டுப் பயணம் பரிசு என்று அறிவித்து, இடம் பார்க்கும் வேலையை ஊழியர்களிடம் விட்டிருந்தார். ஊழியர்களும் உலக வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, வாயில் நுழையாத பெயரில் ஒரு தீவு நாட்டைப் பிடித்துவிட்டார்கள்.

எல்லாம் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம்.

மேனேஜருக்கு ஆபீஸில் வைத்திருந்த பெயர் சைரன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் கூப்பிடுவார். புகார் போன்களை எடுத்து மெக்கானிக்குகளை அனுப்புவது கம்ப்ளைன்ட் அக்காவின் வேலை. மகளின் நீச்சல் போட்டிக்கு அவள் கிளம்பிய இரண்டு தடவையும், எங்கேயோ லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டது என்று சைரன் ஊதிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது போட்டி. "இந்தத் தடவையும் வரலைன்னா நான் உன்னோட பேசவே மாட்டேன்" என்று மகள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"முதலாளியும் இருக்காரே, தங்கமான மனுஷன். என்னிக்காவது நமக்கு போன் பண்ணியிருக்காரா?" என்றாள் அக்கா.

"இந்த ஆளுக்குத்தான்மா கை சும்மா இருக்காது" என்றார் மெக்கானிக்.

டிக்கெட்டைக் கையில் வாங்கிய மேனேஜர் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் தெரிந்தது.

"போனே எடுக்காதா? பத்து நாளும்? முதலாளி கூப்பிட்டார்னா?"

"நாங்க பாத்துக்கறோம் சார்."

"நிஜமாவா? உன் நம்பரைக் குடுத்துடவாம்மா?"

"தாராளமா குடுங்க சார்!"

கிளம்புகிற வாரத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி லிஃப்டுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். "போற நேரத்துலயும் நம்ம வேலையில நொட்டை கண்டுபிடிக்கறார் பாரு" என்று மெக்கானிக் பல்லைக் கடித்தார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் விமானம் ஏறினார். அந்த நிமிடமே கம்ப்ளைன்ட் அக்கா அவருடைய எண்ணை மியூட்டில் போட்டாள். ஆபீஸே அன்று கேக் வெட்டியது.

ஞாயிறு காலை ஐந்தரை மணி. போன் அடித்தது. முதலாளி!

"நம்ம லிஃப்ட் ஒண்ணு பாதியில நின்னுடுச்சும்மா. உள்ள எங்க மாமியார்."

அக்கா பதறி எழுந்தாள். "எந்த பில்டிங் சார்?"

"கனவுல பில்டிங் பேர் எல்லாம் தெரியுமாம்மா? எல்லா லிஃப்டையும் ஒரு தடவை பாத்துடுங்க."

"கனவா? சார், மொத்தம் இருநூத்திப் பதினாலு லிஃப்ட்."

"அதனால என்ன? எனக்குத் தினமும் இப்படி ஏதாவது வரும். மேனேஜர்கிட்ட சொல்லுவேன். அஞ்சே நிமிஷத்துல, பாத்தாச்சு சார், எல்லாம் நல்லா ஓடுதும்பார். முப்பது வருஷமா. என்ன சுறுசுறுப்பு!"

அக்காவுக்குத் தலை சுற்றியது. முகம் கழுவிக்கொண்டு வந்து ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டாள். "பாத்தாச்சு சார். எல்லாம் நல்லா ஓடுது."

"அதெல்லாம் மேனேஜர் சொன்னா நம்புவேன். நீ புதுசு. ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பு."

ஆறரைக்கு மறுபடி போன். "மாமியாரை வெளிய எடுத்தாச்சா?"

ஏழு மணிக்கு மகள் நீச்சல் உடையோடு வாசலில் நின்றாள். அம்மாவின் காதில் போனைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது.

வேறு வழியில்லாமல் சைரனைத் தேடினாள் அக்கா. மியூட்டை எடுத்ததும்தான் பார்த்தாள், வெள்ளிக்கிழமையே அவரிடமிருந்து வந்து பிரிக்காமல் கிடந்த செய்திகளை. இருநூற்றுப் பதினாலு போட்டோ. கடைசியில் நாலு வரி.

"முதலாளிக்குக் கனவு வரும்மா. உன் பேச்சை நம்பாம போட்டோ கேப்பார். பத்து நாளைக்கும் இதையே அனுப்பு. இத்தனை நாளும் நிஜமாவே ஆள் மாட்டினப்ப மட்டும்தான் நான் உங்களைக் கூப்பிட்டேன். பாப்பா போட்டிக்குப் போயிடு, ரெண்டு தடவை கெடுத்துட்டேன்."

அக்கா அத்தனையையும் ஒரே மூச்சில் முதலாளிக்கு அனுப்பினாள். "இப்பதான் மாமியாருக்கு மூச்சு வந்தது" என்று பதில் வந்தது.

போட்டியில் மகள் நாலாவதாக வந்தாள். கரையில் அம்மாவைப் பார்த்துவிட்டு, முதலாவதாக வந்தவளைவிட அதிகமாகக் குதித்தாள்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு நன்றியாவது சொல்லிவிடலாம் என்று அங்கேயே நின்று மேனேஜரைக் கூப்பிட்டாள். கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

எப்படி எடுக்கும்? டவர் இல்லாத நாடாகப் பார்த்து அனுப்பியது அவள்தானே!