ஒரே ஓர் இடம்

மருத்துவக் கல்லூரி இரண்டு முறை கைவிரித்த பிறகு, பி.எஸ்ஸி. முடித்திருந்த நிஹால் மலேசியாவில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தான். அதை முடித்துவிட்டு மறுபடி மருத்துவத்துக்கு முயலலாம். ரங்கூனுக்கு ஒதுக்கியது ஒரே ஓர் இடம்.

ரங்கூனின் போட்டாதாங் பகுதியில் இருந்த சேர்க்கை ஏஜென்சியின் அறிவிப்புப் பலகையில் அவன் பெயர் இல்லை.

"யாரோ மா கின் தீடாவாம்!" மணக்கப்போகும் மெஹ்ரீனிடம் டீக்கடையில் பொருமினான். "யாரைக் காக்கா பிடிச்சாளோ!"

"அவ நல்ல மார்க் வாங்கியிருக்கலாமே மச்சான்."

"அவளுக்குப் பரிஞ்சு பேசாதே. வயிறு எரியுது!"

மெஹ்ரீன் டீயை ஆற்றினாள். "அந்தப் படிப்பு அவ்வளவு பெறுமா? கிடைச்சிருந்தா நம்ம நிக்காஹ் ஒரு வருஷம் தள்ளிப்போயிருக்குமே?"

"ரெண்டு வருஷம் தள்ளிப்போனாத்தான் என்ன! இப்படி ஒரு இடம் கிடைச்சா, கட்டிக்கப்போறவ காத்திருக்கத்தான் வேணும்."

"கட்டிக்கப்போறவனா இருந்தா?"

"அவனும்தான்! அதுல என்ன?"

அவள் கைப்பையிலிருந்து சேர்க்கைக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் அவளுடைய புகைப்படம். கீழே, பள்ளிக்கூடத்தில் பதிந்த பர்மியப் பெயர்: மா கின் தீடா.

"வீட்டுலதான் நான் மெஹ்ரீன்," என்றாள் மெதுவாக. "மருத்துவக் கல்லூரியில என்னையும் ரெண்டு தடவை வேணாம்னுட்டாங்க மச்சான். சொல்ல வெட்கமா இருந்துச்சு. காத்திருப்பீங்கள்ல?"