துண்டுக் குழந்தை

"இந்த வகுப்பை வெச்சவங்களைத்தான் முதல்ல பரிசோதிக்கணும்" என்றான் மெடல், பக்கத்தில் இருந்தவன் காதில்.

மெடல் என்பது நண்பர்கள் வைத்த பெயர். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் பதக்கத்தை வேறு யார் கழுத்துக்கும் போக விட்டதில்லை. ஈரலோ நரம்போ, எதைக் கேட்டாலும் எள் என்றால் எண்ணெயாக நிற்பான். அவனைப் போய் மாற்று மருத்துவம் என்று ஒரு பாடத்துக்கு உட்கார வைத்தால்? வேரும் பொடியும் படிக்கவா இத்தனை வருஷம் கண் விழித்தான்?

பேராசிரியை உள்ளே வந்தார். கூடவே ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கைப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"இன்னிக்குப் புத்தகம் வேண்டாம்" என்றார் பேராசிரியை. "இவங்க ஒரு குழந்தையோட அம்மா. குழந்தைக்கு ஒரு வயசு. விடாம வாந்தி, கண்ணையே திறக்க மாட்டேங்குது. இங்க கொண்டு வர்றதுக்கு முன்னாடி வேற ஏதோ கொடுத்திருக்காங்க. அது என்னன்னு தெரிஞ்சா முறிவு மருந்து இருக்கு, பிள்ளை பிழைச்சுக்கும். கேட்டு வாங்கணும். யார் வர்றீங்க?"

"நாடகத்துக்கு ஆள் பிடிச்சுட்டு வந்திருக்காங்கடா" என்று பின்வரிசையில் ஒருத்தன் சொல்ல, சிரிப்பு கிளம்பியது.

பேராசிரியை அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு துண்டைச் சுருட்டி அவள் மடியில் வைத்தார். அவள் அதன் தலைமாட்டுக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொண்டாள்.

மெடல் எழுந்து போய் எதிரே உட்கார்ந்தான்.

"குழந்தைக்கு என்ன கொடுத்தீங்க?"

"பால்தான்."

"பால் குடிச்சா இப்படி ஆகாது. நாட்டு மருந்து ஏதாவது?"

அவள் பக்கத்தில் யாரோ நிற்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்தாள். மெடலுக்குப் பொறுமை போய்விட்டது.

"பார்த்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. கண்டவன் கொடுக்கிற பொடியை எல்லாம் வாயில போட்டுட்டு, முத்தின பிறகு இங்க தூக்கிட்டு ஓடி வர்றது. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் பிள்ளைங்க சாகுது. சொல்லுங்க, கொடுத்தீங்களா இல்லையா?"

"இல்ல."

"நிச்சயமா?"

"எதுவும் கொடுக்கல."

அவன் திரும்பினான். "மேடம், எதுவும் கொடுக்கலையாம். அடுத்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவேன்."

"ரிசல்ட் வர்றதுக்குள்ள பிள்ளை போயிடுச்சு. உங்க இடத்துல போய் உட்காருங்க."

வகுப்பே சிரித்தது. மெடலின் முகம் சுண்டிவிட்டது.

பேராசிரியை அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "இப்போ சொல்லுங்க. என்ன கொடுத்தீங்க?"

"பல் முளைக்கிறப்போ ராப்பகலா அழுதுட்டே இருந்தான். ஒருத்தர் ஒரு பொடி கொடுத்தார். தேன்ல குழைச்சு நாக்குல தடவினேன்."

"ஏன் கேட்டப்போ சொல்லல?"

"வீட்டுக்காரர் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தார். அவருக்குப் பொடி விஷயம் தெரியாது. டாக்டர் கேட்ட கேள்விக்கு ஆமான்னு சொன்னா, பிள்ளையை நானே கொன்னதா ஆயிடும். அதான் ஊசி போடுறாங்களே, அதுலயே சரியாப் போயிடும்னு..."

அவள் துண்டை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

வகுப்பு கை தட்டியது. யாரோ விசில்கூட அடித்தான். பேராசிரியை மேசையைத் தட்டி அடக்கிய பிறகுதான் ஓய்ந்தது. அந்தப் பெண், கை தட்டியவர்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துண்டை மேசைமேல் மெதுவாகக் கிடத்திவிட்டு வெளியே போனாள்.

மெடலுக்கு மனசு ஆறவில்லை. தோற்றதுகூடப் பரவாயில்லை, தப்பான கேள்வித்தாளில் தோற்றதுதான் பொறுக்கவில்லை. மணி அடித்ததும் ஓடிப்போய் மாடிப்படி அருகே அவளைப் பிடித்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லாத்தான் நடிச்சீங்க. மேடம் எழுதிக் கொடுத்ததுலதான் ஒரு ஓட்டை இருக்கு."

"என்ன ஓட்டை தம்பி?"

"நான் திட்டினா கோபம் வரட்டும், அழுகை வரட்டும். ஒத்துக்கிறேன். ஆனா பெத்த பிள்ளை சாகக் கிடக்குது, காப்பாத்த டாக்டர் எதிர்லயே இருக்கார். அந்த நேரத்துல எந்த அம்மாவாவது பொய் சொல்லுவாளா? நம்புற மாதிரியா இருக்கு?"

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை.

"எனக்கும் இன்னும் நம்ப முடியல தம்பி. ஆனா சொன்னேன்."