வெட்டிய காட்சி

“‘போயிட்டு வர்றேன்மா’ என்று அந்தப் பெண் வெளியே போகிறாள். அவள் சாவதை நாம் பார்ப்பதே இல்லை. திறந்து கிடக்கும் கதவோடு படம் முடிகிறது. அந்த ஒரு வெட்டுக்காகவே இந்த ஆண்டின் சிறந்த படத்தொகுப்பு விருது” என்றார் நடுவர்.

மேடையேறி விருதை வாங்கிக்கொண்டேன். நிகழ்ச்சியை நடத்திய பெண் மைக்கை நீட்டினாள்.

“சாவுக் காட்சியை எடுக்கவே இல்லையா மேடம்?”

“எடுத்தாங்க. நான்தான் தூக்கிட்டேன்.”

“டைரக்டர் சண்டை போடலையா?”

முன்வரிசையிலிருந்து இயக்குநர் குரல் கொடுத்தார். “போடாம இருப்பேனா? மழையில நனைஞ்சு எடுத்த சீன். ஆனா அக்கா கத்தரியைக் கையில எடுத்துட்டா கடவுளே சொன்னாலும் கேக்க மாட்டாங்க.”

அரங்கம் சிரித்தது. சொன்னவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

எதை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு காட்சியையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் காட்சியை ஒரே தடவைதான் பார்த்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது, காரை ஓட்டிக்கொண்டிருந்த கணவர் மெதுவாகக் கேட்டார்.

“இத்தனை நாளா கேக்கத் தோணல. அந்த சீன்ல அவ எப்படி நடிச்சிருந்தா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“முதல் படம்னு நம்ம பொண்ணு பயந்துக்கிட்டே இருந்தாளே, அதெல்லாம் வீண் பயம். ரொம்ப நல்லா நடிச்சிருந்தா.”

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

“அப்புறம் எதுக்கு அதைத் தூக்கின?”

“ஷூட்டிங் முடிஞ்ச மறுமாசம் ஆஸ்பத்திரியில அவளைக் கடைசியா பாத்தோமே, அந்த சீன்லயும் அவ முகம் அச்சு அசல் அப்படியே இருந்துச்சுங்க.”