ஆசிரியரின் பதினைந்து நிமிடம்

"நாந்தான் ஆசிரியர்னு வச்சுக்கோ. சொல்லும்மா, உன் கதை எதப் பத்தி?"

பரிபூரணம் குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டாள். விஜிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ராஜபாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் இருவருக்கும் பழக்கம். ரெண்டு பேரும் போவது ஸ்ரீவில்லிபுத்தூர் கிறிஸ்தவ எழுத்தாளர் மாநாட்டுக்கு என்று தெரிந்ததும், கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஒரே சீட்டில் ஒட்டிக்கொண்டார்கள்.

மாநாட்டில் பாட்டு, பிரசங்கம் எல்லாம் கிடக்கட்டும். விஜி போவது தனிச்சந்திப்புக்காக. பத்திரிகை ஆசிரியர் ஆல்வின் ஐயா எதிரே உட்கார்ந்து, பதினைந்து நிமிடம் தன் கதையைப் பற்றிப் பேசலாம். பிடித்துவிட்டால் அச்சில் போடுவார். பேண்டேஜ் துணி கம்பெனியில் பில் போடுகிற விஜிக்கு அதை நினைத்தாலே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அது வந்து... ஒரு சின்னப் பிள்ளை ஆடு மேய்க்குது. நாமெல்லாம் பொய் சொல்லக் கூடாதுன்னு..."

"நிப்பாட்டு! 'பிரசங்கம் பண்ண சபை ஐயருமாரு இருக்காவ, நீ கதையச் சொல்லு'ன்னு கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சிருவாரு. கண்ணாடி எறங்கிச்சுன்னா பிடிக்கலன்னு அர்த்தம்."

"ஆத்தாடி! அப்பம் என்ன செய்ய?"

"ஆட்டுக்குட்டி காணாமப் போனதுல இருந்து ஆரம்பி. நிமிந்து உக்காந்துருவாரு. சாப்பாட்டு நேரத்துல மட்டும் கிட்டப் போயிராத. பசி வந்துட்டா வள்ளுன்னு விழுவாரு."

"யக்கா, அவர முன்னாடியே தெரியுமா?"

"பாத்திருக்கேன். உக்காந்து பேசத்தான் வாய்க்கல" என்றாள் பரிபூரணம்.

அடேயப்பா, இப்படி ஒரு துணை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்! விஜி மூச்சு வாங்க மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தரம் கதை பளிச்சென்று வந்தது.

"இப்பம் நான் ஆசிரியர். உங்க கதையச் சொல்லுங்கக்கா."

அவ்வளவு நேரம் அதிகாரம் பண்ணிய பரிபூரணத்தின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"ஒரு உபதேசியாரு. ஊர்ல ஆருக்குக் காய்ச்சல்னாலும் ஓடிப்போயி ஜெபம் பண்ணுவாரு. வீட்டுல பொண்டாட்டி மூணு நாளாக் காய்ச்சல்ல கெடக்கா. அது மட்டும் அவரு கண்ணுல படல."

விஜிக்குப் புல்லரித்தது. "பொறவு?"

"பொறவு நடந்தத ஆசிரியருகிட்டத்தான் சொல்லணும். அச்சுல வராட்டாலும் போகுது விஜி. எந்திரிக்காம, முழுசாக் கேட்டாப் போதும். அதுக்குத்தான் இம்புட்டுப் பாடும்."

"உங்க வீட்டுக்காரரு கேட்டாங்களா?"

"நல்லாக் கேட்டாவ! எட்டு வருசமா 'பொறவு பாக்கேன்'ங்காவ. அந்தப் பொறவுதான் வந்தபாடில்ல. இன்னைக்கும் ஜோலி இருக்குன்னு வெள்ளனக் கெளம்பிட்டாவ. நான் வாரதே அவியளுக்குத் தெரியாது."

இப்படியும் ஒரு மனுஷனா என்று விஜிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குகிற வரைக்கும் அந்தக் கண் காணாத புருஷனை மனசுக்குள் வைது தீர்த்தாள்.

மண்டபத்தில் முதலில் விஜியைத்தான் கூப்பிட்டார்கள். போனவள், துள்ளாத குறையாகத் திரும்பி வந்தாள்.

"யக்கா, கண்ணாடி எறங்கவே இல்ல! எழுதி அனுப்பச் சொல்லிட்டாரு! தங்கமான மனுசன்க்கா. முன்னப்பின்னத் தெரியாத என்கிட்ட எம்புட்டுப் பொறுமையாக் கேட்டாரு! உங்க வீட்டுக்காரர இவருகிட்ட அனுப்பிப் பாடம் படிக்கச் சொல்லணும்."

பரிபூரணம் சிரித்துக்கொண்டே எழுந்தாள். சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டாள்.

"தைரியமாப் போங்கக்கா" என்று விஜி முதுகில் தட்டி அனுப்பினாள்.

ஆல்வின் ஐயா ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "உக்காருங்கம்மா. பயப்படாமப் பேசுங்க. இந்தப் பதினஞ்சு நிமிசம் உங்களுக்குத்தான்" என்றார்.

"ரொம்ப சந்தோசம்யா" என்று பரிபூரணம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

குரலைக் கேட்டதும் அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஏட்டி, நீ எங்க இங்க? வீட்டப் பூட்டிட்டு வந்தியா?"

"பூட்டிட்டுத்தான் வந்தேன். வீட்டுப் பேச்ச வீட்டுல போயிப் பேசிக்கிடலாம், இப்பம் கதையக் கேளுங்க."