கங்காவைக் கேட்டு வந்தவர்கள்

மலேசியாவின் ஜெராமில் உஷாராணியும் கங்காவும் ஒன்பது வருடம் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் தையல் மெஷின் போட்டிருந்தார்கள். ரவிக்கை என்றால் எல்லாரும் கங்காவைத்தான் தேடுவார்கள். அவள் சாப்பிடப் போன நேரத்தில் யாராவது வந்தால், "கங்கா இப்பல்லாம் வர்றதில்ல. குடுங்க, நான் தைக்கிறேன்" என்று உஷாராணி அளவு ரவிக்கையை வாங்கி வைத்துக்கொள்வாள். தனக்கு ஏன் வேலை குறைந்தது என்று தெரியாமலே, போன மாசியில் கங்கா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள்.

தீபாவளி நெருங்கியதும் முன்பின் தெரியாத பெண்கள் கங்காவைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். கடையைப் பற்றி இணையத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

"கங்கா வரமாட்டாம்மா. தவறி எட்டு மாசம் ஆச்சு," என்றாள் உஷாராணி, ரவாங்கிலிருந்து வந்திருந்த நித்தியாவிடம்.

நித்தியா சிரித்தாள். "நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும்க்கா. பரவால்ல, நான் வெய்ட் பண்றேன்லா."

"யாரும்மா சொன்னது?"

நித்தியா கைப்பேசியை நீட்டினாள். ஜெராமில் ரவிக்கை நன்றாகத் தைப்பது யார் என்று ஏஐ-யிடம் கேட்டிருந்தாள். திரையில் அதன் பதில் இருந்தது.

"கங்கா. இப்போது சாப்பிடப் போயிருக்கிறார், ஒரு மணிக்கு வந்துவிடுவார். அவர் வருவதில்லை என்று பக்கத்தில் இருக்கும் உஷாராணி சொல்வார். எப்போதும் அப்படித்தான் சொல்வார். காத்திருங்கள்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது. உஷாராணி எழுந்து போய், எட்டு மாதமாகக் கங்காவின் மெஷினை மூடியிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள்.